இரண்டாவது கீப்பர்

ஒரு ஆளைப் பற்றிக் கேட்ட இடத்திலெல்லாம் நல்லவிதமாகவே சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் போலீசில் இருந்தவன் நான். அதில் பாதி தனிப்பிரிவில். பாஸ்போர்ட் கேட்டு எழுதிப் போட்டவர்களின் தெருவுக்குப் போய், ஆள் சொன்ன விலாசத்தில்தான் குடியிருக்கிறாரா, பேர் எப்படி, வழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்து எழுதுவதுதான் வேலை. மளிகைக் கடைக்காரர் ஒருவிதமாகச் சொல்வார், இஸ்திரி போடுகிறவர் வேறுவிதமாகச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஆள் இருப்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால், முந்தின நாளே யாரோ வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் கடைசித் தங்கைக்கு இங்கிலாந்திலிருந்து மாப்பிள்ளை வந்தபோதும் நான் இந்தப் புத்தியோடுதான் போனேன். அவள் ராஜபாளையத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் வயசு வித்தியாசம் அதிகம். பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. அடியில் லைட் எரிகிற கண்ணாடி மேஜை மேல் துணி ஓடும். இழை விட்டுப்போன இடத்தைப் பார்த்து அடையாளம் போட வேண்டும். அம்மா பக்கவாதத்தில் விழுந்த வருஷம் அவளுக்கு ஒரு நல்ல வரன் முடிகிற மாதிரி இருந்தது. அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்டார்கள், கூட்டிக்கொண்டு வருவேன் என்று இவள் சொன்னாள், அதோடு அது நின்றுபோயிற்று. அப்புறம் வந்ததெல்லாம் இப்படியே நின்றது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில், நடுவில் பிறந்த இரண்டு பேரும் வெளியூரில். அம்மா போய்ச் சேர்ந்தபோது தங்கை நாற்பதைத் தாண்டியிருந்தாள். இனி அவளுக்கு ஒன்று அமைந்தால் அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம்.

வரனைக் கொண்டுவந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு அம்மாள். மாப்பிள்ளைக்கு அத்தை. மாப்பிள்ளையின் அப்பா ராஜபாளையத்து மில்லில் பிட்டராக இருந்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு நூற்பாலை ஊருக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டவர். பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்.

"முன்னால கவுண்டி கிரிக்கெட்டுல ஆடினவன் ஏட்டையா" என்றார் அந்த அம்மாள். நம் ஊரில் மாநிலத்துக்கு ஒரு அணி இருக்கிற மாதிரி, அங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு அணி. சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள்.

"அம்புட்டு பெரிய ஆட்டக்காரர்னா டீவியில பாத்திருக்கணுமேக்கா."

"எல்லாருமா டீவியில வருவாக? நீங்க இத்தனை வருசம் போலீசுல இருந்தீகளே, எத்தனை தடவை வந்தீக?"

வாயடைக்கப் பேசுகிறவர்கள் மேலும் எனக்குச் சந்தேகம்.

மாப்பிள்ளை மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் செண்ட் பாட்டிலும் சாக்லேட்டுமாக இரண்டு பெட்டி இழுத்துக்கொண்டு வராமல் இப்படி வந்தால் என்ன அர்த்தம்? வேலை போய்விட்டதா? தாடியில் நரை. வாயைத் திறந்தால் இன்னும் மோசம். "செத்த இருங்க, அத்தை வாராவ. அவிய கோயிலுக்குப் போயிருக்காவ" என்று அத்தை வீட்டு வாசலில் என்னை வரவேற்றார். இங்கிலாந்தில் பிறந்தவர் எங்கள் அப்பா காலத்துத் தமிழ் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எங்கள் பிள்ளைகளே இப்படிப் பேசுவதில்லை. அப்பா அம்மா கொண்டுபோன பேச்சு அந்த வீட்டில் மாறாமல் அப்படியே இருந்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு, யாரோ உட்கார வைத்துப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

காபி டம்ளரை வாங்கும்போது கையைப் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல் கோணல், வலது கட்டைவிரல் கணு புடைத்திருந்தது. கேட்டேன். "பந்து பட்டது அண்ணாச்சி" என்றார். அடிதடிக் கேசில் வருகிற எல்லாரும் மாடிப்படியில் விழுந்ததாகத்தான் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

தங்கை அந்த வீட்டுப் பின்கட்டில் அவரோடு அரை மணி நேரம் பேசினாள். அவளை ராஜபாளையத்தில் கொண்டுபோய் விடும்போது டவுன் பஸ்ஸில் என்னிடம், "எனக்குப் பிடிக்காம இல்ல. நீங்க விசாரிச்சுட்டு வாங்க, பொறவு சொல்றேன்" என்றாள். அவர் ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம்தான் இருந்தது. முடிவு என் கையில் என்று ஆனதும் எனக்குத் தூக்கம் போயிற்று.

மாப்பிள்ளை விசாரிப்பு என்பது எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் யாரும் தவறவிடாத காரியம். நகைக் கடையைக் கூட அப்புறம் பார்த்துக்கொள்வார்கள். தெரு முனைக் கடையில் சோடா குடிக்கிற சாக்கில் கேட்பது, முடிவெட்டுகிறவரிடம் கேட்பது, வேலை பார்க்கிற இடத்து வாட்ச்மேனிடம் கேட்பது. இந்த ஆளுக்கு நான் எந்தத் தெரு முனைக்குப் போவேன்? போனை எடுத்து அவர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஆச்சரியம், ஆள் பொய் சொல்லவில்லை, பெயர் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் எந்த ஆட்டக்காரனையும் எழுதாமல் விட மாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அதைப் படிக்கப் படிக்க என் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. ஒன்பது வருஷம் அந்த அணியில் இருந்திருக்கிறார். ஆடிய ஆட்டங்களை இரண்டு கை விரலை விட்டு எண்ணிவிடலாம். ஒரு வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்றுமில்லை, அதற்கடுத்த வருஷமும் ஒன்றுமில்லை. ஒரு வருஷம் திடீரென்று சேர்ந்தாற்போல் நாலைந்து. மறுபடியும் ஒன்றுமில்லை. சஸ்பெண்டில் இருந்தவனின் சர்வீஸ் புத்தகம் இப்படித்தான் இருக்கும். சம்பளம் ஓடும், டியூட்டி இருக்காது. அங்கே கிரிக்கெட்டில் சூதாட்டம் என்று பேப்பரில் படித்திருந்தேன். கணக்கு சரியாக வந்தது.

அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன், அவர் என்னவாக ஆடினார் என்று. "கீப்பராம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் டீம்களில் பந்து போடத் தெரியாதவனையும் ஓட முடியாதவனையும்தான் ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்துவார்கள். பேட் வாங்கிக் கொடுத்தவரின் மச்சினனையும் அங்கேதான் ஒதுக்குவார்கள். அதற்கு ஒன்பது வருஷம் சம்பளமா? இங்கே பரிசுப் போட்டிகளுக்குப் பந்தோபஸ்து போன அனுபவம் எனக்கு உண்டு. வெளியூரில் நன்றாக அடிக்கிற ஒருவனைக் கூட்டிவந்து, எங்க ஊர்ப் பையன்தான் என்று இறக்கிவிடுவார்கள். ஆதார் கார்டைக் கேட்டால்தான் குட்டு உடையும். கிரிக்கெட்டில் ஆள் மாறாட்டம் எனக்குப் புதிதில்லை. எழுதியிருக்கிற பெயர் இவர் பெயர்தான், ஆனால் அந்த ஆள் இவர்தான் என்பதற்கு என்ன சாட்சி?

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். வன்னியம்பட்டிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. நடத்துகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். "தம்பி சும்மா இருக்கீகளே, ஒரு ஆட்டம் ஆடுதீகளா?" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "ஆடுதேன் அண்ணாச்சி" என்றார்.

அங்கே ஆடுவது டென்னிஸ் பாலில். கீப்பருக்குக் கிளவுஸ் கிடையாது. இவர் கிளவுஸ் எங்கே என்று கேட்டதற்கே ஒரு சிரிப்பு எழுந்தது. வேகமாகப் பந்து போடுகிறவனுக்குக் கீப்பர் பத்தடி தள்ளி நிற்பதுதான் வழக்கம். இவர் ஸ்டம்பை ஒட்டி, மூக்கு அதில் இடிக்கிற மாதிரி குந்தி உட்கார்ந்தார். முதல் பந்து உள்ளங்கையில் பட்டு ரப்பராக எகிறி, தலைக்கு மேல் போய் நாலு ரன். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர், "லண்டன் மாமா, வலை ஒண்ணு குடுத்து விடவா?" என்று கேட்டார். அதற்கப்புறம் இரண்டு கேட்சுகள் விட்டார். பேட்டிங்கிலும் வந்த வேகத்தில் தூக்கி அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். குட்டு உடைந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன், தங்கையை நினைத்துக் கவலையோடு நின்றேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அவுட் ஆகி வந்தவர் மற்றவர்களைப் போல் உட்காரவில்லை. வரப்போரம் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு துண்டு, இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விக்கெட் விழுந்தால் போதும், யாரும் சொல்லாமலே உள்ளே ஓடி, ஆடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்து, வியர்வை துடைக்கத் துண்டு கொடுத்து, காதில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்தார். காக்கா பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாத வன்னியம்பட்டிப் பையன்களைக் காக்கா பிடித்து அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

ஆட்டம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே உட்கார்ந்து கேட்டால் ஆள் விறைத்துக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ரோட்டைப் பார்த்தபடி கேட்டால் வாய் திறக்கும்.

"ஒம்பது வருசம் சம்பளம் குடுத்து வச்சிருந்திருக்கான், ஆட விடல. என்ன கேஸ் தம்பி? சூதாட்டமா, குடியா, பொம்பள விசயமா? எதுனாலும் இப்பவே சொல்லிருங்க. பின்னால தெரிஞ்சா நான் பொல்லாதவன்."

அவர் கோபப்படவில்லை. "எனக்கு முன்னால ஒருத்தர் இருந்தாரு அண்ணாச்சி. அம்புட்டுதான் கேஸ்" என்றார்.

டீ ஆறுகிறவரை பேசினார். ஒரு அணியில் பந்து போடுகிறவர்கள் ஐந்து பேர் வேண்டும், அடிக்கிறவர்கள் ஐந்து பேர் வேண்டும். கீப்பர் ஒருவர் போதும். அந்த ஒருவர் இவரைவிட மூன்று வயசு பெரியவர். நல்ல ஆட்டக்காரர், அதைவிட நல்ல மனிதர், நோய் நொடி இல்லாதவர். இவர் இரண்டாவது. காலையில் எல்லாரோடும் மைதானத்துக்குப் போவார், மற்றவருக்குப் பயிற்சிக்குப் பந்து எறிவார், வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரும் துண்டுமாக உட்கார்ந்திருப்பார். அதே கவுண்டியின் கீழ் அணியில் ஆடும்போதும் வலையில் பயிற்சி எடுக்கும்போதும் இவர் விரல்தான் முறிந்துகொண்டிருந்தது. முதல் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வேறொரு கவுண்டியிலிருந்து கூப்பிட்டார்களாம். அடுத்த வருஷம் பெரியவர் ஓய்வு பெற்றுவிடுவார் என்று நம்பி இவர் போகவில்லை. அவரும் ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு வருஷம் ஆடினார். கடைசியில் அவர் ஓய்வு பெற்ற வருஷம், இருபது வயசுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இவரை அனுப்பிவிட்டார்கள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவமாக இருக்கிறபோதுதான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம்.

"ஒரு வருசம் மட்டும் நாலஞ்சு ஆட்டம் சேர்ந்து ஆடியிருக்கீக. அது?"

"அந்த வருசம் அவருக்கு விரல் ஒடைஞ்சுச்சு."

"ஒடையணும்னு நினைச்சதுண்டா?"

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "உண்டு அண்ணாச்சி. நினைச்சதோட நிக்கல. எங்க அம்மா வச்சிருந்த சாமி படத்துக்கு முன்னால நின்னு கேட்டுருக்கேன். பெரிசா ஒண்ணும் வேண்டாம், ஒரு விரல் போதும்னு."

எத்தனையோ ஆட்களிடம் எதையெதையோ வாக்குமூலமாக வாங்கியிருக்கிறேன்; இவ்வளவு சுலபமாக எதுவும் வந்ததில்லை.

"ஒடைஞ்ச பொறவு அவர் கட்டுப் போட்ட கையோட தெனம் வந்து உக்காந்தாரு" என்றார். "எந்த ஆட்டக்காரன் கால எங்க வைப்பான்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. நான் ஒரு கேட்ச் புடிச்சா மொதல்ல அவர்தான் எந்திரிச்சு நிப்பாரு. நான் நல்லா ஆடின மாசம் அது ஒண்ணுதான்."

"அவர்ட்ட சொன்னீகளா?"

"இல்ல. சொன்னா யாரால தாங்க முடியும்?"

பஸ் வந்துவிட்டது. நான் அவரோடு பேச்சு வைத்துக்கொள்ளாமல் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ராஜபாளையம் போனேன். தங்கை வேலை முடிந்து வந்து, சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். காபி போடப் போனவளை உட்காரச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளிக்கூட வேலை உண்மைதான், அங்கே படிக்கப் போன, எனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகளைப் போனில் பிடித்துக் கேட்டாயிற்று. முன்னால் ஒரு பெண்ணோடு சில வருஷம் இருந்திருக்கிறார், அவள் பிரிந்து போய்விட்டாள், அதை அவரே உன்னிடம் சொன்னதாகச் சொன்னாயே, அதுவும் சரிதான். கேஸ் இல்லை, குடி இல்லை. சஸ்பெண்டும் இல்லை, ஆட இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"அப்பொறம் என்னண்ணே?"

"ஆளு மனசு சரியில்லம்மா. கூட ஆடுதவன், நல்லது சொல்லிக் குடுத்தவன், அவன் விரல் ஒடையணும்னு சாமிகிட்ட கேட்டுருக்கான். அவன் வாயாலயே சொன்னான். தனக்கு ஒரு எடம் கெடைக்க அடுத்தவன் விழணும்னு வேண்டுதவன் வீட்டுக்கு ஒன்னை நான் எப்படி அனுப்புவேன்? அதுவும் கண்காணாத சீமைக்கு. நான் வேண்டாம்னு சொல்லிரப் போறேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். அழவில்லை.

"நீங்க கேட்டதும் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டான்."

"மழுப்பலையா?"

"மழுப்பல. அதான் எனக்கும் ஆச்சரியம்."

"நானும் வேண்டியிருக்கேண்ணே" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாக, செக்கிங் மேஜையில் துணியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனேன்ல. அம்மாவுக்குக் கொணமாகணும்னு போறேன்னு நீங்க பாத்தவங்ககிட்டலாம் பெருமையாச் சொன்னீக. மொத ரெண்டு வருசம் அப்படித்தான் வேண்டினேன். பொறவு, அம்மாவச் சீக்கிரம் எடுத்துக்க தாயேன்னுதான் கேட்டேன். அம்மா படுற நோவப் பாக்கத் தாங்காமக் கேட்டேன்னு சொன்னா நல்லா இருக்கும். அதுக்காக இல்ல. எனக்கு வயசு போகுதேன்னு கேட்டேன். வீட்டுக்கு வந்து அவிய வாயத் தொடச்சு, கஞ்சி ஊட்டி, கூடப் படுத்துக்கிடுவேன். அவிய என் தலையத் தடவிக் குடுப்பாக, அந்த ஒரு கையால."

நான் என்னை அறியாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"பாத்தீகளா" என்றாள். "இதக் கேட்டதும் ஒங்க மொகம் எப்படிப் போயிருச்சுன்னு. ஒங்களக் கொறை சொல்லல. யாருக்கும் அப்படித்தான் போகும். அவர்ட்ட சொன்னா போகாது. அத்தைக்குப் போன் போட்டு எனக்குச் சம்மதம்னு சொல்லுங்க."

காபி போட உள்ளே போய்விட்டாள். ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. நான் அம்மா படுத்திருந்த கட்டில் கிடந்த இடத்தைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு போன் போட்டேன். அந்த அம்மாள் எடுத்ததும், "என்ன ஏட்டையா, விசாரிச்சாச்சா? எதும் கொறை உண்டுமா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைகிட்ட கொறை ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.